சபையும் காலமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

சமூகத்தில் ஏற்படும் மாற்றங்களைப் புரொட்டஸ்டன்ட் திருச்சபை எவ்வாறு எதிர்கொள்ள வேண்டும் என்று கேட்டுத் தொடர்ந்து கடிதங்கள் வருகின்றன. அவற்றில் சிலவற்றைச் சுருக்கித் தந்து இம்முறை பதில் எழுதியிருக்கிறேன். கடிதங்களில் குடும்பச் செய்திகள் இருப்பதால் எழுதியவர்களின் பெயரையும் ஊரையும் வெளியிடவில்லை.

கேள்வி: "நீங்கள் இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்" இருக்க வேண்டும் என்று ரோமர் 12-ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார். உலகம் மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகச் சபை தன் போதனையை மாற்றிக்கொள்வது இந்த வசனத்துக்கு நேர் விரோதம் அல்லவா?

பதில்: அந்த ஒரே காரணத்துக்காக மாற்றிக்கொண்டால் விரோதம்தான். ஆனால் வசனம் நீங்கள் நிறுத்திய இடத்தில் முடிவதில்லை. "உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்" என்று தொடர்கிறது. உலகத்தோடு ஒத்துப்போகாதீர்கள் என்று சொன்ன பவுல், அதே வாக்கியத்தில் மாறுங்கள் என்றும் சொல்கிறார்.

பிரபஞ்சம் என்றவுடன் நம்மில் பலருக்குப் புதிய வழக்கங்கள் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. பழைய வழக்கங்களும் பிரபஞ்சத்தைச் சேர்ந்தவைதாம். சமூகத்தில் நெடுங்காலமாக ஊறிப்போன ஓர் ஏற்றத்தாழ்வு, யாரும் கவனிக்காத நேரத்தில் சபைக்குள் நுழைந்து, சில தலைமுறைகள் கழித்து வேத வசனங்களையே துணைக்கு அழைத்துக்கொண்டு, இதுதான் நம் முன்னோரின் விசுவாசம் என்று உரிமை கொண்டாடுவதைத் திருச்சபை வரலாற்றில் பலமுறை பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபை இதற்குத் தெளிவான சான்று. நிறத்தின் அடிப்படையில் வேறுபாடு பாராட்டாமல் எல்லா விசுவாசிகளுக்கும் ஒன்றாகவே, அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து வழங்கப்பட வேண்டும் என்று அதன் கேப் பேரவை 1829-இல் முடிவு செய்தது. வெள்ளையர் சிலர் அதை ஏற்கவில்லை. 1857-இல் அதே பேரவை மீண்டும் கூடியபோது, பிற இனத்து விசுவாசிகளை ஏற்கெனவே உள்ள சபைகளிலேயே சேர்த்துக்கொள்வதுதான் விரும்பத்தக்கது, வேதத்துக்கும் ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு, "சிலருடைய பலவீனத்தின் காரணமாக" அது இயலாத இடங்களில் அவர்கள் தனிக் கட்டடத்தில் ஆராதித்துக்கொள்ளலாம் என்றும் சேர்த்துக்கொண்டது. பலவீனம் யாருடையது என்பதைக் கவனியுங்கள். திருவிருந்தில் பக்கத்தில் இன்னார் நிற்கக்கூடாது என்று முகம் சுளித்தவர்களின் பலவீனம் அது. வெளியே அனுப்பப்பட்டவர்களோ மற்றவர்கள். 1881-இல் கலப்பினத்தாருக்கென்று தனித் திருச்சபையே ஏற்படுத்தப்பட்டது. 1948-க்குப் பிறகு இனஒதுக்கல் அரசின் கொள்கையானபோது, அதற்கு வேத ஆதாரம் காட்டும் இறையியலாளர்களுக்குக் குறைவிருக்கவில்லை. 1982-இல் ஒட்டாவாவில் கூடிய சீர்திருத்தத் திருச்சபைகளின் உலகக் கூட்டமைப்பு, இனஒதுக்கலை இறையியல்ரீதியாக நியாயப்படுத்துவது தவறான உபதேசம் என்று அறிவித்து, அந்தத் திருச்சபையின் உறுப்புரிமையை நிறுத்தி வைத்தது. ஒரு சலுகையாகத் தொடங்கியது இங்கே வந்து நின்றது.

உங்கள் பக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. 1933-இல் ஜெர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது, புதிய காலத்துக்கு ஏற்ற புதிய திருச்சபை வேண்டும் என்று முழங்கியவர்கள் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற அணியினர். யூத வம்சாவளியில் பிறந்த குருமாரை ஊழியத்திலிருந்து நீக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய சீர்திருத்தங்களில் ஒன்று. 1934 மே மாதம் பார்மென் நகரில் கூடிய லுத்தரன், சீர்திருத்தச் சபைகளின் பிரதிநிதிகள், திருச்சபை செவிகொடுக்க வேண்டிய ஒரே வார்த்தை இயேசு கிறிஸ்துவே என்று அறிக்கையிட்டு அந்த அலையை எதிர்த்து நின்றார்கள். அங்கே மாற மறுத்தவர்கள்தாம் சரியானவர்கள்.

ஆகையால் ஒரு மாற்றம் முன்மொழியப்படும்போது அது புதியதா பழையதா என்று பார்ப்பதில் பெரும் பயன் இல்லை. யாருடைய வசதிக்காக அது கேட்கப்படுகிறது, அதனால் திருவிருந்திலிருந்து யார் தள்ளி நிறுத்தப்படுகிறார்கள் என்று பார்ப்பது வேத வாசிப்பையும் நேர்மையாக்கும்.

கேள்வி: கத்தோலிக்கருக்குப் போப்பாண்டவர் இருக்கிறார். நம்மிடையே இறுதி முடிவு எடுப்பது யார்? ஆளுக்கொரு வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வதுதான் புரொட்டஸ்டன்ட் மார்க்கமா?

பதில்: அப்படித் தோன்றுவது இயற்கை. 1521-இல் வோர்ம்ஸ் நகரத்து மன்றத்தின் முன் நின்ற மார்ட்டின் லுத்தர், தம் மனச்சாட்சி தேவனுடைய வார்த்தைக்குக் கட்டுப்பட்டிருக்கிறது என்று சொல்லித் தம் எழுத்துகளைத் திரும்பப் பெற மறுத்தார். ஆனால் தனி மனிதரின் மனச்சாட்சியை மட்டும் நம்பி எந்தச் சபையும் நடந்ததில்லை. கூடிப் பேசி முடிவெடுக்கும் ஏதோ ஓர் அமைப்பு எல்லாச் சபைகளிலும் உண்டு. பிரஸ்பிட்டேரியன் சபைகளில் மூப்பரும் போதகரும் சேர்ந்து அமரும் மன்றங்கள் படிப்படியாக மேலே செல்கின்றன. பாப்டிஸ்ட், காங்கிரிகேஷனல் சபைகளில் ஒவ்வொரு சபையும் தானே தீர்மானிக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் மரபில் பேராயர்கள், குருமார், சபையாரின் பிரதிநிதிகள் என்று மூன்று பிரிவினர் அமர்கிறார்கள். முக்கியமான சட்டங்களுக்கு மூன்று பிரிவிலும் தனித்தனியே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவைப்படும்.

இந்த ஏற்பாடு எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஒரு வாக்கெடுப்பைச் சொல்லலாம். பெண்கள் பேராயர்களாவதற்கு வழிசெய்யும் சட்டம் 2012 நவம்பரில் இங்கிலாந்துத் திருச்சபையின் பேரவைக்கு வந்தபோது, பேராயர்களும் குருமாரும் வேண்டிய பெரும்பான்மையைத் தந்துவிட்டார்கள். சபையாரின் பிரிவில் ஆறு வாக்குகள் குறைந்ததால் சட்டம் தோற்றது. திருத்தப்பட்ட சட்டம் நிறைவேற 2014 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆயர்கள்தாம் பழமைவாதிகள், மக்கள் முற்போக்கானவர்கள் என்ற பொதுவான எண்ணம் அங்கே பொய்த்தது.

ஒரு போதனை படிப்படியாக மாறுவதைப் பார்க்க விரும்பினால் கருத்தடை பற்றிய வரலாற்றைப் படியுங்கள். உலகெங்குமுள்ள ஆங்கிலிக்கன் பேராயர்கள் ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கூடும் லாம்பெத் மாநாடு 1908-இல் செயற்கைக் கருத்தடையைக் கண்டித்தது. 1920-இல் மறுபடியும் எச்சரித்தது. 1930-இல் 193-க்கு 67 என்ற வாக்குகளில், தகுந்த ஒழுக்கக் காரணம் இருந்தால் தம்பதியர் அதைப் பயன்படுத்தலாம் என்று வரையறையோடு இடம்கொடுத்தது. 1958-இல் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் பொறுப்பைப் பெற்றோரின் மனச்சாட்சியிடமே ஒப்படைத்தது. அரை நூற்றாண்டில் கண்டனத்திலிருந்து பொறுப்பு வரை வந்திருக்கிறார்கள். 1930-ஆம் ஆண்டின் கடைசி நாளில் போப்பாண்டவர் பதினோராம் பயஸ் தம் சுற்றுமடலின் மூலம் அதற்கு நேர் எதிரான நிலையை உறுதிப்படுத்தினார். போப்பாண்டவரின் மடல் ஒரே நாளில் ஒரே குரலில் வந்தது; நம்முடையது வாக்குவாதத்தோடும் எதிர்த்து வாக்களித்த 67 பேரோடும் வந்தது. எனக்கு இரண்டாவது முறையே பிடித்திருக்கிறது, அதன் தாமதத்தையும் சேர்த்து. ஆனால் தம்பதியரின் வாழ்க்கை பற்றிய அந்த வாக்கெடுப்புகளில் கைதூக்கியவர்களுள் ஒரு பெண்கூட இல்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது.

இந்த முறைக்கு முன்மாதிரியும் உண்டு. யூதரல்லாத புறஜாதியார் விருத்தசேதனம் பண்ணிக்கொள்ள வேண்டுமா என்ற கேள்வி எழுந்தபோது, எருசலேமில் "மிகுந்த தர்க்கம்" நடந்தது என்று அப்போஸ்தலர் நடபடிகள் 15-ஆம் அதிகாரம் ஒளிவுமறைவின்றிச் சொல்கிறது. பேதுரு பேசுகிறார், பவுலும் பர்னபாவும் புறஜாதியாரிடையே தாங்கள் கண்டதை விவரிக்கிறார்கள், யாக்கோபு தீர்க்கதரிசிகளின் வார்த்தையை எடுத்துக் காட்டுகிறார், பிறகுதான் முடிவு. அந்த முடிவில் இரத்தத்துக்கு விலகியிருக்க வேண்டும் என்ற விதியும் இருந்தது. அப்போஸ்தலரே வகுத்த அந்த விதியை இன்று பெரும்பாலான புரொட்டஸ்டன்ட் சபைகள் கடைப்பிடிப்பதில்லை. அதைப் பற்றி எவரும் கவலைப்பட்டுக் கடிதம் எழுதியதும் இல்லை.

கேள்வி: எங்கள் சபைக்குப் பெண் போதகர் நியமிக்கப்பட்டிருக்கிறார். எண்பது வயதைத் தாண்டிய என் தந்தை, அவர் கையால் திருவிருந்து வாங்க மாட்டேன் என்று கடைசிப் பாடலுக்கு முன்பே எழுந்து வெளியே போய்விடுகிறார். "உபதேசம்பண்ண ஸ்திரீயானவளுக்கு நான் உத்தரவு கொடுக்கிறதில்லை" என்ற வசனத்தைக் காட்டுகிறார். அவரிடம் நான் என்ன சொல்வது?

பதில்: முதலில் அவரை ஏளனம் செய்யாதீர்கள், பிள்ளைகளையும் செய்யவிடாதீர்கள். வேதத்தை மதிப்பதனால்தான் அவர் எழுந்து போகிறார். அப்படிப்பட்டவரோடு வேதத்திலிருந்தே பேச முடியும்.

அவர் காட்டுவது 1 தீமோத்தேயு 2:12. அதோடு 1 கொரிந்தியர் 14:34-ஐயும் காட்டக்கூடும். சபைகளில் ஸ்திரீகள் பேசாமலிருக்கக்கடவர்கள் என்கிறது அது. ஆனால் அதே நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தில், ஜெபம்பண்ணுகிற அல்லது தீர்க்கதரிசனம் சொல்லுகிற பெண் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று பவுல் விதிக்கிறார். சபையில் பெண் வாய் திறக்கவே கூடாது என்பது அவர் கருத்தானால், வாய் திறக்கும்போது தலை எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லவேண்டிய தேவை என்ன? கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி என்று பெபேயாளை ரோமாபுரியாருக்கு அறிமுகம் செய்பவரும் அவரே. வேதவாக்கியங்களில் வல்லவனான அப்பொல்லோவைச் சேர்த்துக்கொண்டு, தேவனுடைய மார்க்கத்தை இன்னும் திட்டமாக அவனுக்கு விவரித்துக் காட்டியவர்கள் ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும். இவற்றையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பலர், எபேசுவிலும் கொரிந்துவிலும் எழுந்த குறிப்பிட்ட குழப்பங்களுக்குத் தரப்பட்ட கட்டளைகளாகவே அந்த வசனங்களைக் கொள்கிறார்கள். நானும் அப்படியே கொள்கிறேன். அவற்றை எக்காலத்துக்கும் உரிய விதியாக வாசிக்கும் சபைகளும் உண்டு. அமெரிக்காவின் தெற்கு பாப்டிஸ்ட் கூட்டமைப்பு 2000-ஆம் ஆண்டில் தன் விசுவாச அறிக்கையில் போதகர் பணி ஆண்களுக்கே உரியது என்று எழுதிக்கொண்டது. பெண்களைப் போதகர்களாக ஏற்படுத்தியதற்காக 2023-இல் தன் மிகப்பெரிய சபைகளில் ஒன்றான சேடில்பேக் சபையையே விலக்கியது.

வசனங்களோடு ஒரு வரலாற்றையும் உங்கள் தந்தைக்குச் சொல்லுங்கள். இரண்டாம் உலகப் போரின்போது மக்காவில் அகதிகள் நிறைந்திருந்தார்கள். அங்கிருந்த ஆங்கிலிக்கன் சபையைக் கவனித்துக்கொண்டவர் லீ டிம்-ஓய் என்ற பெண் உதவி ஊழியர். ஜப்பானியர் கைப்பற்றியிருந்த பகுதிகளைக் கடந்து குருவானவர் எவரும் அங்கே வந்து சேர முடியவில்லை. குருவானவர் இல்லாமல் திருவிருந்தும் இல்லை. ஹாங்காங் பேராயர் ரொனால்ட் ஹால் அவரை எல்லை கடந்து வரச்செய்து, 1944 ஜனவரி 25 அன்று சீனப் பெருநிலத்தில் வைத்துக் குருவானவராக அபிஷேகம் செய்தார். பெண்ணுரிமைக்காக எந்த மாநாடும் அப்போது கூடவில்லை. எந்தத் தீர்மானமும் நிறைவேறவில்லை. பசித்திருந்த ஒரு சபைக்கு அப்பத்தைப் பிட்டுக்கொடுக்க வேறு கை இல்லை, அவ்வளவுதான். போர் முடிந்ததும் திருச்சபைத் தலைவர்களிடமிருந்து கண்டனம் எழுந்தது. தம்மால் சபைக்குச் சங்கடம் நேர வேண்டாம் என்று 1946-இல் லீ டிம்-ஓய் குருவானவராகப் பணியாற்றும் உரிமத்தைத் திருப்பித் தந்தார். அபிஷேகத்தை மட்டும் துறக்கவில்லை. ஹாங்காங் மறைமாவட்டம் 1971-இல் மேலும் இரு பெண்களைக் குருத்துவத்துக்கு ஏற்படுத்தியபோது அவருடைய பணியும் மறுபடி அங்கீகரிக்கப்பட்டது. இங்கிலாந்துத் திருச்சபை 1994-இல்தான் முதல் பெண் குருமாரை அபிஷேகம் செய்தது. தென்னிந்தியத் திருச்சபையின் நந்தியால் பேராயத்துக்கு 2013-இல் ஒரு பெண் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபைகளின் மூத்த பேராயரான கேன்டர்பரி பேராயராக ஒரு பெண்ணின் பெயர் 2025 அக்டோபரில் அறிவிக்கப்பட்டது.

சபையின் தேவை முதலில் வருகிறது. அதை யாரோ ஒருவர் துணிந்து நிறைவேற்றுகிறார். வேதத்தை மறுபடி வாசிப்பது அதன் பின்னால் வருகிறது. சட்டம் கடைசியாக வருகிறது. எருசலேமிலும் இந்த வரிசையில்தான் நடந்தது. புறஜாதியானாகிய கொர்நேலியுவின் வீட்டில் பேதுரு சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அதைப் பற்றிய விவாதம் தொடங்கியது.

இவ்வளவு சொல்லியும் உங்கள் தந்தை மனம் மாறாமலிருக்கலாம். அப்போது, கொடுப்பவரின் தகுதியால் திருவிருந்தின் மதிப்புக் கூடுவதோ குறைவதோ இல்லை என்ற பழைய போதனையை நினைவூட்டுங்கள். அகுஸ்தீன் காலம் முதல் சபை அதைச் சொல்லிவருகிறது, லுத்தரன் அறிக்கையும் ஆங்கிலிக்கன் அறிக்கையும் அதை ஏற்கின்றன. அந்தப் போதகரையும் ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். வயதானவர்களின் எதிர்ப்பு பல நேரங்களில் வசனத்தால் கரையாமல், படுக்கையருகே உட்கார்ந்து செய்த ஒரு ஜெபத்தால் கரைந்துவிடுகிறது.

கேள்வி: ஆர்கன் இசைத்துப் பாடிய பழைய கீர்த்தனைகளும் ஞானப்பாட்டுகளும் போய், கிட்டாரும் டிரம்ஸும் வந்துவிட்டன. இதையும் சபை ஏற்க வேண்டுமா?

பதில்: காது வலிக்காத அளவில் ஏற்கலாம். சூரிச் நகரில் ஸ்விங்கிலியின் சீர்திருத்தத்தின்போது அகற்றப்பட்டது இதே ஆர்கன்தான். சீர்திருத்தச் சபைகள் பல தலைமுறைகளாகச் சங்கீதங்களை மட்டுமே பாடிவந்தன. ஐசக் வாட்ஸ் 1707-இல் தம் பாடல்களை வெளியிட்டபோது, மனிதர் இயற்றியவற்றை ஆராதனையில் பாடலாமா என்று சர்ச்சை எழுந்தது. இன்று அவருடைய பாடல்களை நீக்கினால் நீங்கள் எழுதப்போகும் கடிதத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. பாடலின் கருத்தைக் கவனியுங்கள்; 'நான்', 'எனக்கு' என்பவை மட்டுமே நிரம்பிய பாடல்களைக் கண்டால் தாராளமாக எதிர்க்கலாம், அவை ஆர்கனோடு பாடப்பட்டாலும்.

கேள்வி: என் மகளுக்கு நீதிமன்றத்தில் விவாகரத்துக் கிடைத்துவிட்டது. அவளுடைய முதல் திருமண வாழ்க்கையில் அடியும் உதையும் மட்டுமே இருந்தன. இப்போது நல்ல வரன் அமைந்திருக்கிறது. ஆலயத்தில் மறுமணம் நடத்த எங்கள் போதகர் தயங்குகிறார். சமூகமும் சட்டமும் ஏற்றுக்கொண்ட பிறகும் சபை ஏன் தடையாக நிற்கிறது?

பதில்: தடை என்று எடுத்துக்கொள்ளாமல் தயக்கம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள், அம்மா. திருமணம் வாழ்நாள் உடன்படிக்கை என்று மணமேடையில் சொல்ல வைப்பவர் போதகர்தாம். அதே வார்த்தைகளை அதே நபரிடம் இரண்டாம் முறை சொல்ல வைக்கும்போது அவர் மனம் நிற்பது குற்றமல்ல.

ஆனால் மறுமணத்துக்குப் புரொட்டஸ்டன்ட் மரபில் தொடக்கம் முதலே இடம் இருந்தது என்பதை அவர் மறந்துவிடக்கூடாது. பிரஸ்பிட்டேரியன் சபைகளின் அடிப்படை ஆவணமான 1646-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, விபசாரம் நேர்ந்தாலும், திருத்த முடியாதபடி வேண்டுமென்றே கைவிட்டுப் போனாலும், திருமண பந்தம் கலைக்கப்படலாம் என்கிறது. முதலாவதற்கு மத்தேயு 19:9-உம் இரண்டாவதற்கு 1 கொரிந்தியர் 7:15-உம் ஆதாரம். அடித்துத் துன்புறுத்துவதைக் கைவிடுதலாகக் கொள்ளலாமா என்பதே இன்றைய கேள்வி. கொள்ளலாம் என்பது பல இறையியலாளரின் கருத்து. என் கருத்தும் அதுவே. மனைவியின் மேல் கையோங்குகிறவன் வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு உடன்படிக்கையை விட்டுப் போனவன். அப்படிப்பட்ட வீட்டுக்குத் திரும்பிப் போய்ச் சமாதானமாக இரு என்று எத்தனையோ போதகர்கள் எத்தனையோ பெண்களுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறார்கள். சபை மனந்திரும்ப வேண்டிய விஷயம் ஏதாவது உண்டென்றால் இது முதலில் நிற்கும்.

இங்கிலாந்துத் திருச்சபை இதில் இன்னும் தாமதமாக வந்தது. முன்னாள் துணை உயிரோடிருக்கையில் ஆலயத்தில் மறுமணம் நடத்தலாம், ஆனால் விதிவிலக்கான சூழ்நிலைகளில் மட்டுமே என்று 2002-இல் அதன் பேரவை ஏற்றது. நடத்துவதும் மறுப்பதும் அந்தந்தக் குருவானவரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டது. 2005-இல் அன்றைய இளவரசர் சார்லஸின் மறுமணம்கூடப் பதிவுத் திருமணமாகவே நடந்தது. அதன் பிறகு வின்ட்சரில் ஜெபமும் ஆசீர்வாதமும் மட்டும் நடைபெற்றன. அந்தத் திருச்சபையின் குருமார் இத்தகைய தம்பதியரிடம் கேட்கும் கேள்விகள் பயனுள்ளவை. முதல் திருமணம் ஏன் முறிந்தது என்பதை இருவரும் நேர்மையாகப் புரிந்துகொண்டிருக்கிறார்களா? இந்தப் புதிய உறவே அந்த முறிவுக்குக் காரணமாக இருந்ததா? முதல் திருமணத்தின் பிள்ளைகளுக்கும் பிற கடமைகளுக்கும் ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் மகளிடம் தெளிவான பதில் இருக்கும் என்றே உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. உடனே வேறு சபையைத் தேடாமல், மகளையும் மாப்பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போதகரைச் சந்தியுங்கள். பெற்றோர் பேசுவதைக் குறைத்துக்கொண்டு மகளைப் பேச விடுங்கள். நடந்ததை அவள் வாயிலிருந்து அவர் இதுவரை கேட்டிருக்கவே மாட்டார். நீதிமன்றத் தீர்ப்பின் நகலையும் எடுத்துச் செல்லுங்கள். அதன் பிறகும் அவர் மறுத்தால், பேராயரிடம் எழுத்துமூலம் முறையிடுவது உங்கள் உரிமை.

கேள்வி: ஒருபாலின உறவு பற்றிய கருத்து வேறுபாட்டால் மேலை நாடுகளில் சபைகள் உடைகின்றன. ஒரு விஷயத்துக்காகத் திருச்சபையைப் பிளப்பது சரியா?

பதில்: எது சரியான போதனை என்று கேட்காமல் பிளவு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கே பதில் சொல்கிறேன்.

நிகழ்ந்தது இதுதான். 1998-இல் லாம்பெத் மாநாடு, திருமணம் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் வாழ்நாள் முழுதும் இணைவது என்ற போதனையைப் பெரும்பான்மை வாக்குகளால் உறுதிப்படுத்தியது. ஒருபாலின ஈர்ப்புடையவர்களின் அனுபவத்துக்குச் செவிகொடுக்க வேண்டும் என்றும் அதே தீர்மானம் சொன்னது. முதல் பாதியை ஒரு சாராரும் இரண்டாம் பாதியை மறு சாராரும் எடுத்துக்கொண்டார்கள். சுவீடனின் லுத்தரன் திருச்சபை 2009-இல் ஒருபாலினத் திருமணத்தை ஆலயத்தில் நடத்த ஒப்புக்கொண்டது. ஆப்பிரிக்க, ஆசிய ஆங்கிலிக்கன் தலைவர்கள் பலர் அதற்கு முந்தைய ஆண்டிலேயே எருசலேமில் கூடி, பழைய போதனையைக் காக்கத் தனி இயக்கம் கண்டிருந்தார்கள். ஐக்கிய மெதடிஸ்ட் திருச்சபையில் 2019-க்கும் 2023-க்கும் இடையே அமெரிக்கச் சபைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு வெளியேறியது. அதன் பிறகு 2024-இல் கூடிய பொது மாநாடு, ஒருபாலின உறவில் வாழ்வோருக்குக் குருத்துவம் தருவதற்கு 1984 முதல் இருந்த தடையை நீக்கியது. ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்ட் மாநாடு (அந்நாட்டு மெதடிஸ்ட் சபைகளின் அமைப்பு) சில வாரங்களிலேயே விலகத் தீர்மானித்தது. இரு தரப்பிலும் வேதத்தை நேசிப்பவர்கள் இருக்கிறார்கள். பெண்களின் ஊழியத்தை ஏற்ற பலர் இதை ஏற்கவில்லை. பெபேயாளைப் போல ஒரு முன்மாதிரியை வேதம் இங்கே காட்டவில்லை என்கிறார்கள். தாங்கள் அறிந்த உண்மையுள்ள விசுவாசிகளே அந்த முன்மாதிரி, கொர்நேலியுவும் அப்படித்தான் வந்தார் என்கிறார்கள் மற்றவர்கள்.

பிளவு என்றாலே பாவம் என்று சொல்ல வரலாறு இடம் தரவில்லை. 1844-இல் அமெரிக்க மெதடிஸ்ட் சபை பிளந்தது, அடிமைகளை உடைமையாகக் கொண்ட ஒருவர் பேராயராகத் தொடரலாமா என்ற கேள்வியில். அடுத்த ஆண்டே தெற்கு பாப்டிஸ்ட் கூட்டமைப்பு அதே போன்ற காரணத்தால் பிரிந்து உருவாயிற்று. அந்தத் தவறுக்காக அது வருத்தம் தெரிவித்து மன்னிப்புக் கேட்டது 1995-இல், 150 ஆண்டுகள் கழித்து. அடிமை முறையை எதிர்த்தவர்கள் ஒற்றுமைக்காக வாய்மூடி இருந்திருக்க வேண்டும் என்று இன்று யாரும் சொல்ல மாட்டோம். மெதடிஸ்டுகள் 1939-இல் மீண்டும் இணைந்தார்கள். அந்த இணைப்பில் கறுப்பினச் சபைகளையெல்லாம் ஒரே தனி மண்டலத்தில் ஒதுக்கி வைத்தார்கள்; 1968-இல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. ஒற்றுமை என்ற பெயரில் மேசையில் இல்லாதவர்களின் உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய உடன்படிக்கை அது. எனவே பிளவையும் ஒற்றுமையையும் அவற்றின் விலையை வைத்தே எடைபோட வேண்டும். இன்றைய சர்ச்சையில் பேசப்படுகிறவர்கள் நம் சபைகளிலேயே, நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். எந்தத் தரப்பில் நின்றாலும் அவர்களை வைத்துக்கொண்டே பேசுவதுதான் குறைந்தபட்ச நேர்மை.

கேள்வி: 2020-ஆம் ஆண்டுத் தொற்றுக்காலத்தில் வீட்டிலிருந்தே இணையவழி ஆராதனையில் கலந்துகொண்டு, நாங்களே அப்பமும் ரசமும் வைத்துத் திருவிருந்து எடுத்தோம். இப்போதும் படுக்கையிலிருக்கும் என் மனைவிக்காக அப்படியே செய்கிறோம். இது செல்லுமா?

பதில்: சபைகள் இதில் ஒன்றுபடவில்லை. அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபை 2020 மார்ச்சில் நெருக்கடிக்கால ஏற்பாடாக இதை அனுமதித்தது. இங்கிலாந்துத் திருச்சபை ஏற்கவில்லை. விசுவாசிகள் வீட்டில் ஆவிக்குரிய முறையில் பங்குபெறலாம் என்றது. கூடிவராமல் திருவிருந்து ஏது என்று கேட்பவர்களின் கருத்தில் நியாயம் உண்டு: கொரிந்துவில் சிலர் மற்றவர்களுக்காகக் காத்திராமல் தாங்களே முந்திச் சாப்பிட்டதைத்தான் பவுல் கடிந்துகொள்கிறார்.

மேசையின் வடிவம் காலத்துக்கேற்ப மாறுவது புதிதல்ல. கிருமிகளைப் பற்றிய அறிவு பரவிய 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் அமெரிக்கச் சபைகளில் பொதுக் கிண்ணத்துக்குப் பதிலாகத் தனித்தனிச் சிறு கிண்ணங்கள் வந்தன. மதுவிலக்கு இயக்கம் வலுத்திருந்த நாளில், 1869-இல், தாமஸ் வெல்ச் என்ற மெதடிஸ்ட் பல்மருத்துவர் திராட்சை ரசத்தைச் சூடாக்கிப் புளிக்காமல் வைக்கும் முறையைக் கண்டதால்தான், பல சபைகளில் மதுவின் இடத்தில் புளிக்காத ரசம் வந்தது. சிறு கிண்ணத்தையும் புளிக்காத ரசத்தையும் பழைய மரபு என்று நினைப்பவர்கள், திரைவழித் திருவிருந்தை மட்டும் நவீனம் என்று சொல்லி ஒதுக்குவது அவ்வளவு பொருத்தமாகத் தோன்றவில்லை.

உங்களைப் பொறுத்தவரை, திரை தேவைப்படாத ஒரு வழி பழைய காலம் முதலே இருக்கிறது. ஆராதனையில் பரிசுத்தம் செய்த அப்பத்தையும் ரசத்தையும் அங்கே வராதவர்களுக்குக் கொண்டுபோவதை இரண்டாம் நூற்றாண்டிலேயே ஜஸ்டின் மார்ட்டிர் குறிப்பிடுகிறார். உங்கள் போதகரையோ மூப்பர்களையோ மாதம் ஒருமுறையாவது வரச் சொல்லுங்கள். சபையார் இரண்டு பேரும் உடன் வரட்டும். அவர்கள் வர முடியாத வாரங்களில் நீங்கள் இருவரும் திரையின் முன் அமர்ந்து எடுப்பதைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் சபையின் விதி அதற்கு இடம் தராவிட்டால், அந்த விதியை மாற்றும்படி அடுத்த சபைக்கூட்டத்தில் கேளுங்கள், உங்கள் மனைவியின் கையெழுத்தோடு.